56 நாளில் 16 கிலோ: பிளான் கேட்டவங்களுக்கு

போன டிசம்பர்ல என் ஸ்டேட்டஸைப் பார்த்துட்டு "என்ன பிளான்? எனக்கும் அனுப்பு"ன்னு கேட்டவங்க மொத்தம் 11 பேர். அதுல 4 பேருக்கு அனுப்பிட்டேன். மீதி 7 பேர்கிட்ட "செமஸ்டர் முடியட்டும், அனுப்புறேன்"னு சொல்லி வெச்சிருந்தேன். அந்த 7 பேருக்கும் இப்போ அனுப்புறேன். நீங்களும் வாங்கிக்கோங்க. கொஞ்சம் நீளம்தான். மெஸ் க்யூவில் நிக்கும்போது படிக்கலாம்.

முதல்ல பிளான். காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி. மதியம் ரெண்டு வெள்ளரிக்காய், ஒரு ஆப்பிள். ராத்திரி நாலு முட்டையோட வெள்ளைக்கரு, ஒரு சப்பாத்தி. நடுவுல பசிச்சா தண்ணி. சாயங்காலம் கிரவுண்டுல 5 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாத்தையும் கூட்டினா ஒரு நாளைக்கு 400 கலோரிகூட வராது. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வந்த அன்னைக்கு நான் 94 கிலோ. டிசம்பர் முதல் வாரம் 78.

ஏன் ஆரம்பிச்சேன்னு கேட்டா பெரிய காரணம் எதுவும் கிடையாது. டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் ஆர்டர் பண்ணினப்போ என் சைஸ் அந்தக் கடையில் இல்லை. தனியா தைக்கணும், 60 ரூபா அதிகம்னாங்க. அதை என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா கொடுத்துட்டு போயிருப்பேன். ஆனா க்ளாஸ் க்ரூப்பில் என் பேரை டேக் பண்ணிக் கேட்டாங்க. கீழே வரிசையா சிரிப்பு எமோஜி. யாரும் கெட்ட எண்ணத்தில் போடலைன்னு தெரியும். நானும் ஒண்ணு போட்டேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

முதல் வாரமே 5 கிலோ இறங்குச்சு. சந்தோஷம் தாங்கலை. நாமெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறவங்க, ஒரு சின்னக் கணக்கு போட்டிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரையணும்னா தோராயமா 7,700 கலோரி பற்றாக்குறை வேணும். 5 கிலோவுக்கு 38,500. ஏழு நாளால் வகுத்தா ஒரு நாளைக்கு 5,500. என் உடம்பு ஓட்டத்தையும் சேர்த்து ஒரு நாளில் செலவு பண்றதே 3,000 பக்கம்தான். செலவே பண்ணாத கலோரியில் எப்படிப் பற்றாக்குறை வரும்? இறங்கினதில் பாதிக்கு மேல கொழுப்பே இல்லை. கல்லீரலும் தசையும் கிளைகோஜன்னு ஒரு மாவுச்சத்தைச் சேமிச்சு வெச்சிருக்கும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சாப்பாட்டை நிறுத்தினா முதல்ல காலியாகுறது அதுதான், கூடவே தண்ணியும் உப்பும் போகும். நான் கொண்டாடினது பெரும்பாலும் தண்ணி.

மூணாவது வாரத்திலிருந்து எல்லாரும் கவனிக்க ஆரம்பிச்சாங்க. லேப்ல சார் ஒருத்தர் "குட், கீப் இட் அப்"னார். என்னை இதுவரை பேர் சொல்லிக் கூப்பிடாத பசங்க தோளைத் தட்டினாங்க. இன்னொரு பக்கம் எனக்கு நவம்பர்லயே ரெண்டு போர்வை இல்லாமத் தூக்கம் வரலை. பெஞ்சிலிருந்து வேகமா எழுந்தா கண் ஒரு நொடி இருட்டும். சிக்னல்ஸ் க்ளாஸ்ல உட்கார்ந்து மொபைலில் பரோட்டா வீடியோ பார்த்துட்டு இருப்பேன். சாப்பிடுறதுக்கு இல்லை, பார்க்க மட்டும். அதைக் கட்டுப்பாடுன்னு நெனச்சுப் பெருமைப்பட்டேன்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனப்போ அம்மா கதவைத் திறந்து பார்த்துட்டு, "என்னடா இப்படி இளைச்சுப் போயிட்ட?"ன்னாங்க. எங்க அம்மாயி இன்னும் ஒரு படி மேல போய், "ஏங்கண்ணு, உடம்புக்கு நோவா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க. ஹாஸ்டல்ல 'வெயிட் லாஸ்'ங்கிறது பாராட்டு. அதையே எங்க வீட்டுத் தமிழ்ல 'இளைச்சுப் போறது'ன்னு சொன்னா அது கவலை. ரெண்டும் ஒரே 10 கிலோதான். ஊர்க்காரங்களுக்கு அழகுன்னா என்னன்னு தெரியாதுன்னு நெனச்சேன். யோசிச்சுப் பார்த்தா, "உடம்புக்கு என்ன?"ன்னு என்னைக் கேட்ட ஆளே அந்த ரெண்டு மாசத்தில் அவங்க ரெண்டு பேர் மட்டும்தான்.

டிசம்பர்ல டிபார்ட்மென்ட் ட்ரிப், கொல்லிமலைக்கு. ரெண்டு வேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருப்பாங்க, நாங்க கத்தி எண்ணிக்கிட்டே போனோம். நாப்பதுக்கு மேல பாதிப் பேர் எண்ணுறதை நிறுத்திட்டு வாந்தி கவரைத் தேடிட்டாங்க. எனக்கு வாந்தி வரலை. வர்றதுக்கு உள்ள ஒண்ணும் இல்லை. எங்க க்ளாஸ்ல ஒருத்தன் சேந்தமங்கலம்காரன், அவன்தான் கைடு. வல்வில் ஓரி கதை, சித்தர் குகை, கொல்லிப்பாவைன்னு எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தான். சங்கப் பாட்டுலயே வர்ற பாவையாம், அவ அழகைப் பார்த்து மயங்கி வர்றவனைக் கொன்னுடுவாளாம். "மாப்ள, நீ இப்போ இருக்கிற அழகுக்கு உன்னைத்தான் முதல்ல தூக்குவா"ன்னு பின்சீட்டிலிருந்து ஒருத்தன். வேனே சிரிச்சுது. நானும்தான்.

செம்மேட்டில் எல்லாரும் டிபன் சாப்பிட்டாங்க. நான் காபி. சோளக்காட்டுப் பக்கம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கினாங்க. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்ற, பார்க்க ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோட இருக்கிற கிழங்கு. நான் ரெண்டு மடக்கு குடிச்சுட்டு மீதியைக் கொடுத்துட்டேன். கடையில் சாமை, தினை எல்லாம் பாக்கெட் போட்டு வெச்சிருந்தாங்க. 'டயட்டுக்கு நல்லது'ன்னு ரெண்டு பேர் வாங்கினாங்க. சாமை அரிசிக்கும் நம்ம அரிசிக்கும் கலோரியில் பெருசா வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்து அதிகம், அதனால் பசி தாங்கும், அவ்வளவுதான். மலையில் அது தலைமுறை தலைமுறையா வயித்தை நிறைக்கிற சோறு. நடுவுல ஜவ்வரிசி மில்லுக்காக மரவள்ளி வந்து சாமைக் காட்டை விழுங்கிடுச்சு. 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்காரங்களோட சேர்ந்து அந்தச் சிறுதானியங்களைத் திரும்பக் கொண்டு வர வேலை செஞ்சுட்டு இருக்கு. வயிறு நிறையணும்னு விளைஞ்ச தானியத்தைப் பட்டினி கிடக்க வாங்கிட்டுப் போற ஆளுங்க நாமதான்.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கணும். ஆயிரத்துக்கும் மேல படி, நல்ல செங்குத்து. இறங்கும்போது கால் நடுங்குச்சு, எல்லாருக்கும் நடுங்கும்தானேன்னு விட்டுட்டேன். கீழே ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுது. சட்டையைக் கழட்டிட்டு அருவி முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையா சட்டை இல்லாம ஒரு போட்டோ. நீங்க ஸ்டேட்டஸில் பார்த்தது அதுதான். 94 கிலோ போட்டோவைப் பக்கத்தில் வெச்சு, கீழே '56 நாள், 16 கிலோ'ன்னு போட்டிருந்தேனே, அது.

அந்த போட்டோ எடுத்து அரை மணி நேரத்துக்குள்ள, திரும்பி ஏறும்போது, நான் விழுந்தேன். இதைத்தான் ஸ்டேட்டஸில் போடலை.

எத்தனையாவது படின்னு தெரியாது. வேர்த்துக் கொட்டுச்சு, காது அடைச்சுது, முன்னாடி போனவனோட சிவப்புப் பை மட்டும் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் இல்லை. கண் முழிச்சப்போ நெல்லிக்காய், மாங்காய் விக்கிற ஒரு அம்மா என் தலையைப் பிடிச்சுட்டு இருந்தாங்க. பக்கத்தில் கம்பியைப் பிடிச்சு நடந்துட்டு இருந்ததால் உருளலை. அந்தப் பக்கம் விழுந்திருந்தா இதை எழுத ஆள் இல்லை. நான் நல்லா முழிச்சதும் அந்தம்மா உப்பு போட்ட மோரும் ஒரு மலை வாழைப்பழமும் கொடுத்தாங்க.

"காத்தால என்ன தின்ன?"

"காபி."

"காபி ஒரு சோறா சாமி? நாங்க இந்தப் படியில மூட்டை தூக்கிட்டு ஏறுறோம், வெறும் வவுத்துல ஏறுவோமா?"

காசு கொடுக்கப் போனப்போ வாங்கலை. மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஊர்க்காரர் ரெண்டு பேரும் எங்க பசங்களும் மாத்தி மாத்தித் தோள் கொடுத்தாங்க. பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன்.

மலையிலேயே ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிபி 90/60, சுகர் 58. ட்ரிப் ஏத்தினாங்க, இசிஜி எடுத்தாங்க. டியூட்டியில் இருந்த மேடம் ரொம்ப அமைதியாக் கேட்டாங்க, "எத்தனை நாளா இப்படி? எந்த டாக்டர் சொன்னார்?" "நானேதான் மேடம், வீடியோ பார்த்து." அவங்க திட்டலை. சாப்பாடு சட்டுனு குறைஞ்சா உடம்பில் பொட்டாசியம், மக்னீசியம் மாதிரி உப்புகள் குறையும்னாங்க. இதயம் துடிக்கிறதே அந்த உப்புகள் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் சரியான அளவில் இருக்கிறதால வர்ற மின்சாரத்தில்தான். அளவு மாறினா துடிப்பு தாறுமாறாப் போகும். வலிக்காது, முன்னாடியே சொல்லவும் செய்யாது. "கீழே போனதும் ரத்தம் கொடுத்துப் பாருங்க. அப்புறம், இன்னைக்கே போய் வயிறு முட்டச் சாப்பிடாதீங்க"ன்னாங்க. பசங்க வெளியே எனக்காக பிரியாணிக்குப் போன் பண்ணிட்டு இருந்தது அவங்க காதில் விழுந்திருக்கும்.

அது ஏன்னு அப்புறம்தான் படிச்சேன். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு நிறைய மாவுச்சத்து போனா இன்சுலின் பாயும். அது ரத்தத்தில் மிச்சம் இருக்கிற கொஞ்ச நஞ்ச பாஸ்பரஸ், பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள இழுத்துடும். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட சிலர் பட்டினியில் சாகாம, சாப்பாடு கிடைச்ச பிறகு செத்துப் போனாங்க. ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேர். பட்டினியை முடிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்குன்னு எந்த வீடியோவும் எனக்குச் சொல்லலை.

கீழே வந்தேன். ரத்தம் கொடுக்கலை. "மலை ஏத்தம் ஒத்துக்கல, சுகர் லோ ஆயிடுச்சு"ன்னு க்ளாஸ்ல சொல்லிட்டேன். மறுநாள் அந்த போட்டோவை ஸ்டேட்டஸ் வெச்சேன். ஏன்னு கேக்காதீங்க. போட்டோ நல்லா வந்திருந்தது.

அதைப் பார்த்துட்டு வந்தவன்தான் அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன். "அண்ணா, செம அண்ணா, பிளான் சொல்லுங்க." ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். கையில் ட்ரிப் ஏத்தின இடத்தில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. அந்தக் கையாலதான் அனுப்பினேன். அவன் எடை 71. உயரம் கிட்டத்தட்ட என் உயரம். அவன் ஒரு கிலோகூட குறைக்க வேண்டியதில்லை. அது எனக்கு அப்பவே தெரிஞ்சுது. ஆனா என்கிட்ட ஒருத்தன் வந்து 'எப்படி அண்ணா?'ன்னு கேக்கிறது அதுதான் முதல் தடவை.

ஜனவரியில் கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்சேன், ஏழு கிலோ ஏறுச்சு. குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தா வந்தது. உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்படிக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துடும். அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை பிப்ரவரியில் வந்தது. வீட்டில் ஞாயித்துக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு. ராத்திரி ஒரு மணிக்கு வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி. கேஸ் ட்ரபிள்னு அம்மா ஓமத் தண்ணி கொடுத்தாங்க. வலி வலது தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு, நாலு மணி நேரம் நிக்கலை. விடிஞ்சதும் நாமக்கல்ல ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல். ஒண்ணு ரெண்டு இல்லை, 4 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர்னு நிறைய.

டாக்டர் என்னைவிட அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "20 வயசுப் பையன். வீட்டில் யாருக்காவது இருந்திருக்கா? சமீபத்தில் எடை குறைஞ்சதா?" அப்பா என்னைப் பார்த்தார். சொன்னேன். டாக்டர் ஒரு பேப்பரில் படம் வரைஞ்சு காட்டினார். உடம்பு கொழுப்பை வேகமாக் கரைக்கும்போது கல்லீரல் அதிகப்படியான கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளும். பித்தப்பை சுருங்கி அந்த நீரைக் குடலுக்கு அனுப்பணும்னா சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு இருக்கணும், அதுதான் சிக்னல். கொழுப்பே உள்ள வரலைன்னா பை சுருங்காது. கெட்டியான பித்தநீர் அப்படியே தேங்கிக் கல்லாகும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல இறங்கினா இந்த ஆபத்து நல்லாக் கூடும். நான் ரெண்டு கிலோ கணக்கில் இறங்கியிருந்தேன்.

"கொழுப்புன்னா எவ்வளவு வேணும் சார்?"ன்னு அப்பா கேட்டார். "ரொம்ப வேண்டாம். தினம் ஒரு வேளை ரெண்டு முழு முட்டை சாப்பிட்டிருந்தாக்கூட அந்தப் பை வேலை செஞ்சிருக்கும்."

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க அப்பா கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். நாமக்கல்ல பாதிப் பேர் வீட்டுச் சோறு முட்டையிலிருந்துதான் வருது. பண்ணையில் கீறல் விட்ட முட்டையைக்கூட அப்பா துணியில் சுத்தி வீட்டுக்குக் கொண்டு வருவார். நாங்க வளர்ந்ததே அதில்தான். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 5 கிராம் கொழுப்பு. நான் ஒரு நாளைக்கு நாலு, 56 நாளைக்கு 224 மஞ்சள் கருவை வேண்டாம்னு ஒதுக்கியிருக்கேன். (எல்லாத்தையும் என் ரூம்மேட் சாப்பிட்டான். அவன் ரொம்ப நல்லா இருக்கான்.) பஸ்ஸில் வரும்போது அப்பா ஒரு தடவைதான் கேட்டார், "நாலும் தினமுமா?" அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாத லிட்ரேச்சர் சர்வே.

1944, 45ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ்ங்கிற விஞ்ஞானி 36 இளைஞர்களை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சார். போரால் பஞ்சத்தில் இருக்கிற மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்கிறதுன்னு தெரிஞ்சுக்க, அவங்க தாமா முன்வந்து 24 வாரம் அரைப் பட்டினி கிடந்தாங்க. உடல் எடையில் கால்வாசி போச்சு. எப்பவும் குளிர், எரிச்சல், தலைசுத்தல், மெதுவான இதயத்துடிப்பு. சிலர் சமையல் புத்தகமா வாங்கிச் சேர்த்து வெச்சுப் படிச்சாங்களாம். என் பரோட்டா வீடியோ ஞாபகம் வருதா? அந்த 'பட்டினி'யில் அவங்களுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு சுமார் 1,600 கலோரி. நான் சாப்பிட்டதைப்போல நாலு மடங்கு.

1997 நவம்பர், டிசம்பர்ல அமெரிக்காவில் மூணு காலேஜ் மல்யுத்த வீரர்கள் 33 நாளுக்குள்ள அடுத்தடுத்து இறந்தாங்க. எடைப் பிரிவுக்குள்ள வர்றதுக்காகத் தண்ணி குடிக்காம, வியர்வைக்கான உடை போட்டு, சூடான அறையில் பயிற்சி செஞ்ச பசங்க. நம்ம வயசு. அதுக்குப் பிறகுதான் அங்க காலேஜ் மல்யுத்த விதிகளையே மாத்தினாங்க. ரொம்ப தூரம் போக வேண்டாம். 2025 மார்ச்சில் கேரளத்தில் 18 வயசுப் பெண், ஜூலையில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயசுப் பையன். முதல் பெண் மாசக்கணக்கில் கிட்டத்தட்டத் தண்ணியிலேயே இருந்ததாவும், பையன் மூணு மாசம் ஜூஸ் மட்டும் குடிச்சதாவும் செய்தியில் வந்தது. அந்தப் பையன் இன்ஜினியரிங் சேரத் தயாரா இருந்தவன். ஜூலையில் அந்தச் செய்தியை நான் படிச்சேன். ஃபார்வர்டுகூட பண்ணினேன். அக்டோபரில் ஆரம்பிச்சேன்.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 'வேகமாக் குறைச்சா வேகமா ஏறும், மெதுவாக் குறைச்சா நிக்கும்'னு எல்லாரும் சொல்வாங்க. 2014ல் மெல்போர்னில் சுமார் 200 பேரை வெச்சுச் செஞ்ச ஆய்வில், வேகமாக் குறைச்சவங்களுக்கும் மெதுவாக் குறைச்சவங்களுக்கும் மூணு வருஷத்தில் திரும்ப ஏறினது ஏறக்குறைய ஒரே அளவுதான். அப்போ வேகம் தப்பில்லையான்னு கேக்கலாம். அதில் வேகமாக் குறைச்சவங்களுக்குக் கொடுத்தது புரதமும் உப்பும் விட்டமினும் அளந்து சேர்த்த உணவு, கூடவே கண்காணிக்க ஆள். டாக்டர்கள் 800 கலோரிக்குக் கீழே ஒருத்தரை இறக்கினா ரத்தப் பரிசோதனை செஞ்சுட்டே இருப்பாங்க, தேவைப்பட்டா பித்தக்கல் வராம இருக்க மாத்திரையும் கொடுப்பாங்க. ஹாஸ்டல்ல நாம செய்யறது அதே வேலையை, அளக்கிற ஆள் இல்லாம. என்கிட்ட இருந்த ஒரே கருவி எடை மெஷின். அது கொழுப்பு, தசை, தண்ணி எல்லாத்துக்கும் ஒரே நம்பரைத்தான் காட்டும்.

சாதாரணமா வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும்ங்கிறாங்க. அதை எங்கேயும் ஸ்டேட்டஸா போட முடியாது, உண்மைதான்.

இந்தக் கட்டுரையோட முதல் வரைவைப் படிச்ச க்ளாஸ்மேட் ஒருத்தி, "எல்லாம் உன் பித்தப்பை பத்தியே இருக்கு, எங்களைப் பத்தி ஒரு வரி இல்லையே"ன்னா. அவ சொன்னதை எழுதுறேன். சாப்பாடு ரொம்பக் குறைஞ்சா முதல்ல பீரியட்ஸ் தள்ளிப் போகும், அப்புறம் நின்னே போகும். ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு அடர்த்தி குறையும். 20 வயசு எலும்பைச் சேமிக்கிற வயசு. தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயசுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. அதுக்கு மேல பட்டினி. அவ ரூம்ல ஒரு பொண்ணு 'ஸ்லிம்மிங் டீ' குடிக்கிறாளாம். அந்த மாதிரி டீ பலதில் இருக்கிறது நிலாவாரை. பேதிக்குக் கொடுக்கிற மூலிகை. அதில் குறையறது கொழுப்பு இல்லை, தண்ணியும் பொட்டாசியமும்.

இப்போ அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன். ஸ்கேன் எடுத்துட்டு ஹாஸ்டல் வந்த அன்னைக்கு அவனைத் தேடிப் போனேன். படியில் கைப்பிடியைப் பிடிச்சு ஏறிட்டு இருந்தான், ரெண்டாவது மாடிக்கு. எடை 58. உதடு வெடிச்சிருந்தது. ரிப்போர்ட்டைக் காட்டினேன். "உங்களுக்கு வந்தா எனக்கும் வரணுமா அண்ணா? இன்னும் மூணு கிலோ, அப்புறம் நிறுத்திடுறேன்"னான். அந்த 'இன்னும் மூணு கிலோ' எனக்கு நல்லாத் தெரியும். 80ல இருந்தப்போ நான் சொன்னது. மலையில் விழுந்ததை அப்பதான் அவன்கிட்ட சொன்னேன். அந்த போட்டோவுக்கு அரை மணி நேரம் கழிச்சுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அதை ஏன் அண்ணா அன்னைக்கே சொல்லல?"

என்கிட்ட பதில் இல்லை. ரத்தம் கொடுக்க வரமாட்டேன்னுட்டான். அவங்க அக்கா நம்பரைத் தேடிப் பிடிச்சுப் போன் பண்ணினேன். அவங்க மறுநாளே பஸ் ஏறி வந்துட்டாங்க. பொட்டாசியம் 2.9. குறைஞ்சது 3.5 இருக்கணும். ரெண்டு நாள் அட்மிட். அவன் அப்புறம் ஒரு மாசம் என்கிட்ட பேசலை. வீட்டுக்குச் சொன்னதுக்கா, பிளான் கொடுத்ததுக்கான்னு தெரியலை. போன புதன்கிழமை மெஸ்ஸில் இடம் இல்லாம என் எதிரே வந்து உட்கார்ந்தான். "கோபம் போகல அண்ணா"ன்னு சொல்லிட்டு முட்டையை உரிச்சான். சரிடான்னேன்.

எனக்கு மே மாசம் ஆபரேஷன். சின்னக் கல்லுங்கதான் வழுக்கிப் போய்க் குழாயை அடைக்கும், கணையம் வரைக்கும் பாதிக்கும், அதனால் பித்தப்பையையே எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இப்போ என் எடை 86. மெதுவா இறங்கட்டும்னு விட்டிருக்கேன். டி-ஷர்ட்டுக்கு 60 ரூபா தந்துட்டேன்.

பிளான் வாங்கின 4 பேரில் ரெண்டு பேர் மூணு நாள்லயே விட்டுட்டாங்க, நல்லவங்க. மூணாவது இந்தப் பையன். நாலாவது ஆள் தான் ஃபாலோ பண்ணலையாம், ஆனா திருச்சியில் படிக்கிற அவங்க சித்தப்பா பொண்ணுக்கு அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஃபார்வர்ட் பண்ணியிருக்கான். அந்தப் பொண்ணு அதை க்ரூப்பில் போட்டிருக்கு. எந்த க்ரூப், எத்தனை பேர்னு கேட்டிருக்கேன். இன்னும் சொல்லலை. உங்க போன்ல யார்கிட்டயாவது '56 நாள் பிளான்'னு மஞ்சள் கலர் நோட்ஸ் ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு வந்திருந்தா, மேல ஓரத்தில் பேட்டரி 12 சதவீதம்னு காட்டும், அது என்னோடது. அனுப்பினவங்க நம்பரை எனக்கு அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்.